காற்று நுழைகிற வாசல்

மோட்டார் சைக்கிளுக்கும் மூச்சுத் திணறல் உண்டு என்பது எழுபத்தோரு வயதுவரை எனக்குத் தெரியாது. எனக்கு உண்டு. டாக்டரிடம் போனால் "வயசாச்சு இல்ல" என்று இரண்டே சொல்லில் அனுப்பிவிடுகிறார். மோட்டார் சைக்கிளுக்கு வந்தால் மட்டும் அதற்கென்று தனி வைத்தியமே இருக்கிறதாம். வைத்தியர் என் மாப்பிள்ளை. ஆஸ்பத்திரி என் கார் ஷெட். என்னிடம் கார் கிடையாது, ஷெட் மட்டும் உண்டு. காக்களூரில் இந்த வீட்டைக் கட்டியபோது எதிர்காலத்தின்மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது.

மாப்பிள்ளை தேர்வாய் கண்டிகை தொழிற்பூங்காவில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் இன்ஜினியர். நல்ல வேலை. கம்பெனி பஸ் எங்கள் தெருமுனைக்கே வரும். இவ்வளவு வசதியையும் ஒருவர் எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்வார்? சம்பளமில்லாத விடுப்பு மூன்று மாதம் எழுதிக் கொடுத்துவிட்டு, மாடியிலிருந்து இறங்கி என் ஷெட்டில் கடை போட்டார். கடை என்றால் ஒரு மேசை, ஒரு விளக்கு, பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற ஒரு சின்னக் கிரைண்டர், அதற்கு மாட்டும் முனைகள் நாற்பத்தொன்று. அவர் நாற்பது என்றார். நான் எண்ணிக் காட்டினேன்.

செய்கிற வேலை இதுதான். என்ஜினின் மேல்பகுதியை சிலிண்டர் ஹெட் என்பார்கள். அதில் இரண்டு குகைகள். ஒன்றின் வழியாகக் காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும், மற்றதின் வழியாகப் புகை வெளியே போகும். வார்க்கும்போது அந்தக் குகைகளுக்குள் மேடும் பள்ளமும் சொரசொரப்பும் இருந்துவிடுமாம். அதைத் தேய்த்துச் சரிசெய்தால் காற்று தாராளமாக நுழையும், வண்டி பறக்கும். போர்ட்டிங் என்று பெயர். நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் தரப் பரிசோதனையில் இருந்தவன். வார்ப்பு வார்ப்பாகப் பார்த்துப் பாஸ் போட்டவன். உலகத்தில் உள்ள எல்லா வார்ப்படக்காரர்களும் எல்லாப் பரிசோதகர்களும் தவறவிட்ட ஒன்றை என் மாப்பிள்ளை என் ஷெட்டில் ஒரு கிரைண்டரோடு கண்டுபிடித்துவிட்டார் என்று கேட்கும்போது ஒரு மாமனாருக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும்.

என் மகள் திருவள்ளூரில் பள்ளிக்கூட ஆசிரியை. வகுப்பில் பேசுவதுபோலவே வீட்டிலும் பேசுவாள். விடுப்பு முடிய ஒரு வாரம் இருந்தபோது, சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் நடுவில் வைத்துச் சொல்லிவிட்டாள்.

"பாருங்க. தெருவுல போறவன் வர்றவன் வண்டியெல்லாம் தொழில்ல சேத்தி இல்ல. ரேஸ் ஓட்டறவங்க யாராவது நம்பி மொத்தமா வேலை குடுத்தா, நீங்க கம்பெனிய உட்டுட்டு வந்துடுங்க, நான் ஒண்ணும் சொல்லல. இல்லேன்னா திங்கக்கிழம காலையில பஸ் ஏறிடணும்."

மாப்பிள்ளை "சரி" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த பஸ் அவருக்கு எவ்வளவு பாரமாக இருந்தது என்று அப்போது கொஞ்சம் புரிந்தது. ஆனால் நான் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. சாம்பார் ஊற்றச் சொன்னேன்.

அந்த 'யாராவது' ஏற்கெனவே வந்துவிட்டிருந்தார். பெரியபாளையத்துக்கு வெளியே நெல் பயிரிடுகிற நிலக்காரர் ஒருவர். வயது நாற்பத்தைந்துக்கு மேல், நல்ல உடம்பு. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் உள்ள பந்தயப் பாதையில் சனி ஞாயிறுகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர். கூட நான்கு நண்பர்கள். ஐந்து பேரிடமும் ஐந்து வண்டிகள். இவருடைய வண்டி நன்றாக வந்தால் மற்ற நான்கு ஹெட்டுகளும் மாப்பிள்ளைக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தார். வண்டியில் ஐந்து கிலோ குறைந்தாலே வேகம் கூடும் என்று மாப்பிள்ளை ஒருமுறை எனக்கு விளக்கியிருந்ததால், அந்த ஐந்து கிலோவை அவருடைய தொந்தியில் குறைத்தால் கிரைண்டரே வேண்டியதில்லையே என்று யோசனை சொன்னேன். மெதுவாகப் பேசுங்கள் மாமா என்றார்.

காற்று எவ்வளவு போகிறது என்று அளக்க ஒரு சாதனம் வேண்டும். வெளியில் விற்கிறார்களாம். மாப்பிள்ளை தானே செய்தார். என் மனைவியின் வாக்குவம் கிளீனரை எடுத்து ஒரு மரப்பெட்டியில் பொருத்தினார். பெட்டிமேல் ஹெட்டை உட்காரவைத்து, வால்வை ஒரு திருகால் திறந்து வைத்துவிட்டு, கிளீனரைப் போட்டால் அது குகை வழியாகக் காற்றை உறிஞ்சும். பக்கத்தில் வளைத்துக் கட்டிய கண்ணாடிப் பிளாஸ்டிக் குழாயில் சொட்டு நீலம் கலந்த தண்ணீர். காற்று அதிகம் போனால் தண்ணீர் அதிகம் ஏறும். அவ்வளவுதான் விஞ்ஞானம். குழாயின் ஓரத்தில் ஓர் அளவுகோலை ஒட்டியது நான். அது கோணலாக ஒட்டப்பட்டிருந்ததைப் பொறுக்க முடியாமல் பிரித்து நேராக ஒட்டியதும் நான். அன்றிலிருந்து அளவு பார்க்கும் உத்தியோகம் எனக்கு வந்துவிட்டது. யாரும் நியமிக்கவில்லை.

அதில் ஒரு தொல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் தொழிற்பேட்டை. அங்கே பிரஸ் ஓடும்போதெல்லாம் எங்கள் தெருவில் மின்சாரம் இளைத்துப்போகும், கிளீனர் உறுமலிலிருந்து முனகலுக்கு இறங்கும், தண்ணீரும் இறங்கும். ஆகவே பேட்டையில் மத்தியானச் சங்கு ஊதி மெஷின்கள் நின்ற பிறகு அளந்தால்தான் கணக்கு. ஊரே சோறு சாப்பிடும்போது நானும் மாப்பிள்ளையும் ஒரு வாக்குவம் கிளீனருக்கு முன்னால் உட்கார்ந்து நீலத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நிலக்காரரின் ஹெட் வந்தபோது தண்ணீர் 140 மில்லிமீட்டர் ஏறியது. மாப்பிள்ளை தேய்த்தார். 146 ஆயிற்று. மறுபடி தேய்த்தார். 151. எனக்கே கொஞ்சம் சந்தோஷம். அங்கே நிறுத்தியிருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. அன்று சாயங்காலம் நிலக்காரர் வந்து, குகைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னா தம்பி, எம்மாம் நாளா தேய்க்கிற, ஓட்டை அப்டியேதான கீது? எங்க போர்வெல் பைப்பு பாத்துகிறியா? அதுமாரி இருக்க வேணாமா?"

"இல்லண்ணே, சைஸ் முக்கியம் இல்ல..."

"காத்து போவணும்னா வழி பெருசா இருக்கணும். இதுக்கு இன்னா படிப்பு? நைனா, நீங்க சொல்லுங்க."

நைனா நான்தான். ஆந்திர எல்லைப் பக்கத்துப் பழக்கம் அது, அப்பாவைக் கூப்பிடுகிற சொல். அவரைப் பெற்ற பாக்கியம் எனக்கு இல்லாவிட்டாலும் அப்படித்தான் கூப்பிடுவார். நான் 151 என்று சொன்னேன். 151 இன்னா ரயில் நம்பரா என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்.

நான்கு ஹெட்டுகளைக் கையில் வைத்திருக்கிற மனிதர் சிரித்தால் அது வேறு மாதிரி வேலை செய்யும். அடுத்த நாள் காலையில் மாப்பிள்ளை அந்தக் குகையின் தரையை இன்னும் ஆழமாகத் தேய்த்து இறக்கினார். பெரிதாகத்தான் இருந்தது. பளபளவென்றும் இருந்தது. புதன்கிழமை மத்தியானம் சங்கு ஊதியபின் அளந்தோம்.

137.

"கரண்டு கம்மியா கீது மாமா," என்றார்.

கரண்டு சரியாகத்தான் இருந்தது. மின்விசிறியைப் பார்த்தாலே தெரிந்தது. மறுபடி அளந்தோம். 137. பெட்டியில் எங்காவது ஒழுகுகிறதா என்று ஊதுபத்தி காட்டிப் பார்த்தோம். புகை நேராக நின்றது. காசும் நேரமும் செலவழித்து, ஹெட்டை அது வந்தபோது இருந்ததைவிட மோசமாக்கிவிட்டோம். தேய்த்த அலுமினியத்தை மறுபடி உள்ளே போட முடியாது. அது மாவாகத் தரையில் கிடந்தது. என் மனைவி துடைப்பத்தோடு காத்திருந்தாள்.

மாப்பிள்ளை முனைகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். சனிக்கிழமை ஓட்டிப் பார்க்கிறார்கள். திங்கட்கிழமை பஸ்.

அந்த நேரம் பார்த்து வாசலில் நிலக்காரரின் கார் வந்து நின்றது. கையில் தாம்பாளம்.

அவர் வீட்டில் என்ஜின் உள்ள எதுவானாலும் முதலில் பெரியபாளையத்து அம்மனிடம் காட்டிவிட்டுத்தான் ஓட்டுவார்களாம். டிராக்டர், அறுவடை மெஷின், கிணற்று மோட்டார் எல்லாம் போய் வந்திருக்கின்றன. இதுவும் போக வேண்டும். ஹெட் தயாரா என்றார். தயார் என்று மாப்பிள்ளை சொன்னார். வேறு என்ன சொல்ல? சாமி கும்பிடப் போகிறவரிடம் 137 என்றா சொல்வது? நிலக்காரர் ஹெட்டைத் தாம்பாளத்தில் வைத்து, சுற்றிலும் வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை அடுக்கினார். பழம் ஆறு. எதற்கும் ஒற்றைப்படையாக இருக்கட்டும் என்று என் மனைவி எங்கள் வீட்டுப் பழம் ஒன்றைச் சேர்த்துவிட்டு, தானும் கிளம்பிவிட்டாள். கோயிலுக்குப் போய் ரொம்ப நாளாகிறதாம். அவள் போனால் நானும் போக வேண்டும். மாப்பிள்ளை மட்டும் தலைவலி என்று படுத்துக்கொண்டார். உண்மையான தலைவலி என் மனைவியின் மடியில், பின் சீட்டில் வந்துகொண்டிருந்தது. வழியில் வேகத்தடை இருபத்துமூன்று. பதினாறில் பெயிண்ட் இல்லை.

கோயிலில் நல்ல கூட்டம். வேப்பிலை கட்டிக்கொண்டு சுற்றுகிறவர்கள், மொட்டையடித்த பிள்ளைகள், பொங்கல் பானைகள். எங்கள் தாம்பாளத்தைப் பூசாரி ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

"இன்னாபா இது, மிக்ஸியா?"

"இல்ல சாமி. பைக்கு என்ஜினு தல."

"தலைன்னா மூஞ்சி எங்க? பொட்டு எங்க வெக்கறது?"

நிலக்காரர் யோசித்தார். என்னைப் பார்த்தார். தரப் பரிசோதனையில் இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. பிறகு அவரே குகையைக் காட்டினார்.

"காத்து உள்ள பூர்ற வாசல் இதான் சாமி. அந்தாண்ட கீறது புகை போற வழி."

"அப்ப வாசப்படியில வெச்சிட்டா போச்சு. ஊட்டுக்கு அப்டித்தான வெக்கறோம்," என்றார் பூசாரி. கட்டியாகக் குழைத்த சந்தனத்தைப் பெருவிரல் நிறைய அள்ளி, குகைக்குள் விட்டு, தரையில் அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தார். அதன்மேல் குங்குமம். கையில் மிச்சமிருந்ததையும் உள்ளேயே துடைத்துக்கொண்டார். அடுத்தவர் ஆட்டுக்குட்டியோடு நின்றிருந்தார்.

திரும்பி வந்து இறக்கிவிடும்போது நிலக்காரர் என்னிடமும் மாடியிலிருந்து இறங்கி வந்த மாப்பிள்ளையிடமும் கண்டிப்பாகச் சொன்னார். "சனிக்கிழம மாட்டறப்ப பாத்து மாட்டு தம்பி. உள்ள கீற பொட்டு மேல கை படக்கூடாது. அம்மன் கை வெச்சது."

சனி என்ற சொல்லைக் கேட்டதும் மாப்பிள்ளை தலையை ஆட்டினார். மற்றது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் சங்கு ஊதியது. செய்ய வேறு வேலை இல்லாததால் நான் ஹெட்டைப் பெட்டிமேல் வைத்து, கிளீனரைப் போட்டேன். துக்க வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் எதையாவது எடுத்து வைப்பார்களே, அந்த மாதிரி. சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. அடைப்பு வேறு சேர்ந்திருப்பதால் தண்ணீர் 130க்குக் கீழே நிற்கும் என்பது என் எண்ணம்.

149.

அளவுகோல் நகர்ந்துவிட்டதா என்று பார்த்தேன். நகரவில்லை. மின்விசிறி நேற்றைய வேகத்தில்தான் சுற்றியது. ஏழு தடவை அளந்தேன். ஆறு தடவை 149, ஒரு தடவை 148. அப்போது என் மனைவி மிக்ஸி போட்டாள். மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார். என்னை நகரச் சொல்லிவிட்டுத் தானே அளந்தார். பிறகு விளக்கை உள்ளே காட்டிக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"மாமா, நான் அப்பவே நெனச்சேன். தரைய ரொம்ப எறக்கிட்டேன். காத்து உள்ள வந்து திரும்பற எடத்துல திரும்ப முடியாம செவுத்துல முட்டிக்குது. இப்ப சந்தனம் அந்தப் பள்ளத்த ரொப்பிடுச்சி."

"எப்ப நெனச்சீங்க மாப்பிள்ளை?"

"உள்ளுக்குள்ள நெனச்சேன்."

உள்ளுக்குள் நினைத்ததற்கு என்னிடம் அளவுகோல் இல்லை. ஆனால் காரணம் சரி. வழி பெரிதாக இருந்தால் போதாது, திருப்பம் நன்றாக இருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ஒரு டிப்ளமா, முப்பத்திரண்டு வருட அனுபவம், ஒரு வாக்குவம் கிளீனர் ஆகிய மூன்றும் போதவில்லை. ஆட்டுக்குட்டிக்காரரை அதிகம் காக்கவைக்க விரும்பாத ஒரு பூசாரி வேண்டியிருந்தது.

ஆனால் சந்தனத்தோடு என்ஜினை ஓட்ட முடியாது. பெட்ரோல் பட்டால் அது உதிரும். உதிர்ந்தால் வால்வு வழியாக நேராகப் பிஸ்டன்மேல் விழும். குங்குமத்தில் என்னென்ன கலக்கிறார்கள் என்பது விற்கிறவருக்குத்தான் தெரியும். ஓடுகிற வண்டியில் என்ஜின் இறுகி நின்றால் மேலே உட்கார்ந்திருப்பவர் நிற்கமாட்டார். பறப்பார். ஆகவே சந்தனத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் அதே மேட்டை வேறு பொருளால் கட்ட வேண்டும். பேட்டையில் பம்ப் ரிப்பேர் செய்கிறவர்களிடம் ஒரு பசை உண்டு. வெள்ளை ஒன்று கறுப்பு ஒன்று, இரண்டையும் பிசைந்து ஒட்டினால் கல்லாகிவிடும், பெட்ரோலில் கரையாது. மாப்பிள்ளை அதை வாங்கி வந்தபோது என் மனைவி ஹெட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போயிருந்தாள்.

"கத்தியால சொரண்டப் போறீங்களா? அம்மன் பொட்டையா? உங்க ரெண்டு பேருக்கும் புத்தி கீதா?"

"அத்தே, அது உள்ள போனா அந்த அண்ணன் உசுருக்கே ஆபத்து," என்றார் மாப்பிள்ளை.

"அப்ப அவர்கிட்ட சொல்லிட்டு எடுங்க."

"சொன்னா எடுக்க உடமாட்டாரு."

கடைசியில் அவளே ஒரு வழி செய்தாள். குளித்துவிட்டு வந்து, தண்ணீரை விரலால் தொட்டுத் தொட்டுச் சந்தனத்தை ஊறவைத்து, கத்தி படாமல் கிண்ணத்தில் எடுத்து, செம்பருத்திச் செடியின் அடியில் ஊற்றினாள். எடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை அந்த மேட்டின் உயரத்தையும் நீளத்தையும் கம்பியை வளைத்து அளவு எடுத்துக்கொண்டார். அது கெட்டிக்காரத்தனம்தான், மறுக்க முடியாது. வெள்ளிக்கிழமை பசை இறுகிய பிறகு அதை முனைகளால் செதுக்கிச் செதுக்கிச் சரிசெய்தார். பூசாரியின் பெருவிரல் முடித்த இடத்திலிருந்து இவர் ஆரம்பித்தார் என்று சொல்லலாம். ஒவ்வொரு செதுக்கலுக்கும் ஓர் அளவு. 149, 152, 150, 154. கடைசியில் 156இல் நின்றது. இந்தத் தடவை அவர் நிறுத்திக்கொண்டார்.

சனிக்கிழமை விடியும்போதே ஹெட்டை ஷெட்டில் நின்ற நிலக்காரரின் வண்டியில் மாட்டி, அதன் வாயில் கார்புரேட்டரையும் மாட்டிவிட்டார். அப்புறம் யாரும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. அந்த அவசரத்தின் நோக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. என் மனைவி வெளிப்பக்கம் ஒரு சின்னப் பொட்டு வைத்தாள். நிலக்காரர் வந்து அதைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்.

பந்தயப் பாதையில் தகரக் கூரைக்கு அடியில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் பதினொரு பேர், நாய் இரண்டு. வெயிலில் நிலக்காரர் தோல் உடுப்புக்குள் தன்னைச் செலுத்திக்கொண்டார். ஜிப்பை இரண்டு நண்பர்கள் இழுத்தார்கள். காற்று நுழைவதற்கு அவ்வளவு பாடுபட்டோம், அந்த உடுப்புக்குள் அது எந்த வழியாகப் போகும் என்று யாரும் கவலைப்படவில்லை.

வண்டி கிளம்பியது. சத்தத்தில் வித்தியாசம் எனக்கே தெரிந்தது. கனமாக, ஒரே சீராக இருந்தது. மாப்பிள்ளை கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் சுற்று சுமார். இரண்டாவது சுற்றில் ஒரு நண்பர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இன்னொருவரிடம் காட்டினார். மூன்றாவதில் நான்கு பேரும் அந்தக் கடிகாரத்தைச் சுற்றி நின்றார்கள். அவருடைய பழைய வேகத்தைவிட நன்றாகவே வந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை இன்னும் வேலியை விடவில்லை.

நிலக்காரர் உள்ளே வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் வேர்வை, சிரிப்பு.

"வளைவு தாண்டி முறுக்கனா இய்த்துக்கினு போவுது தம்பி. முன்ன அங்கதான் திணறும்." பிறகு நண்பர்களைப் பார்த்து உரக்கச் சொன்னார். "அம்மன் கை வெச்ச ஹெட்டு. சொம்மாவா?" மறுபடி மாப்பிள்ளையிடம் திரும்பினார். "உள்ள வெச்ச பொட்டு அப்டியே கீதா தம்பி?"

"அப்டியேதான்ணே கீது," என்றார் மாப்பிள்ளை.

இல்லாததை இருக்கிறது என்று எழுதச் சொன்ன மேனேஜர்களோடு சண்டை போட்டே என் உத்தியோகம் கழிந்தது. அதனால்தான் பதவி உயர்வு இரண்டோடு நின்றது. அந்த வாய் ஓய்வு பெறவில்லை.

"இல்லிங்க," என்றேன். "உள்ள பொட்டு இல்ல. எடுத்துட்டோம். அந்த எடத்துல பசை இருக்குது."

நண்பர்களில் ஒருவர், "அம்மன் பொட்டையே சொரண்டிட்டியா தம்பி?" என்றார். மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. நான்கு ஹெட்டும் ஒரு தொழிலும் அந்தப் பார்வையில் இருந்தன.

ஆனால் அதன்பிறகு அவர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. நேராக நிலக்காரரிடம் பேசினார்.

"அண்ணே, அந்த சந்தனம் உதுந்தா பிஸ்டன்மேலதான் உயும். உன்ன கீய தள்ளிடும். அதான் எடுத்தேன். இன்னொண்ணும் சொல்லிடறேன். நீ பெருசா வேணும்னு கேட்ட, நானும் மாட்டேன்னு சொல்லாம தேச்சிட்டேன். ஹெட்டு கெட்டுப்போச்சி. கோயிலுக்குப் போறப்ப அது கெட்ட ஹெட்டுதான். பொட்டு வெச்ச எடத்துலதான் காத்து சரியாச்சி. அந்த எடத்த அளவு எடுத்துத்தான் பசை போட்டுக்கீறேன்."

நிலக்காரர் கையுறைகளைக் கழற்றினார். ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். பத்து விரல்.

"எடுத்தத எங்க போட்டீங்க?"

"செம்பருத்திக்கு ஊத்தினோம்," என்றேன்.

"யாரு எடுத்தது?"

"என் பொண்டாட்டி. குளிச்சிட்டுத்தான் எடுத்தா. கத்தி படல."

"பசை அதே எடத்துலயா?"

"அதே எடம்ணே. பொட்டு அளவுக்கு ஒட்டிட்டு கொஞ்சம்தான் செதுக்கனேன்," என்றார் மாப்பிள்ளை.

அவர் வண்டியின் பக்கத்தில் குந்தி, ஹெட்டின் வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். சூடு பட்டு விரலை எடுத்துக்கொண்டார்.

"எடம் அவ காட்டனது. ஒட்டனது நீ. இதுல மறைக்கறதுக்கு இன்னா கீது தம்பி? மொதல்லயே சொல்லியிருந்தா நானே எடுக்கச் சொல்லியிருப்பேன். மறைச்சியே, அதான் எனக்குப் பேஜாரா கீது." பிறகு எழுந்து நண்பர்களைப் பார்த்தார். "இன்னா, உங்க ஹெட்டயும் குடுக்கறீங்களா?"

பொட்டைச் சுரண்டியதற்கு அதிர்ச்சி அடைந்த அதே நண்பர்தான் முதலில் சொன்னார். "நாளைக்கே கோயிலுக்கு எத்துக்கினு போய்ட்டு வந்து குடுக்கறேன். அதே சாமி கையால."

"எனுதும்," என்றார் அடுத்தவர். நான்கு பேருக்கும் அதே பூசாரி வேண்டுமாம்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். ஒவ்வொரு ஹெட்டும் ஒவ்வொரு மாதிரி, எல்லாவற்றிலும் பள்ளம் அதே இடத்தில் இருக்காது, பெருவிரல் எங்கே விழுகிறதோ அங்கெல்லாம் மேடு கட்ட முடியாது என்று விளக்கப் போகிறார் என்பது தெரிந்தது. உண்மையைக் காப்பாற்றும் பொறுப்பை இந்த முறை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் காலை மிதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்ததையெல்லாம் மகளிடம் சொன்னோம். வீட்டுப்பாடம் திருத்திக்கொண்டே கேட்டாள்.

"எத்தினி ஹெட்டு?"

"நாலு," என்றார் மாப்பிள்ளை. "முடிஞ்சா அவங்களுக்குத் தெரிஞ்சவங்க இன்னும் ரெண்டு பேரு."

"நாலும் கோயிலுக்குப் போய்ட்டுத்தான் வருமா?"

"ஆமா."

"நீங்க அளந்து பாத்துட்டுத்தான் மேல கை வெப்பீங்களா? யாராவது சிரிச்சா ஒடனே தேய்ப்பீங்களா?"

"அளந்துட்டுத்தான்."

அவள் பேனாவை மூடினாள். அப்போது என்னைத்தான் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். மூன்று மாதமாக எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. நல்ல வேலை, பி.எஃப்., தெருமுனைக்கே வரும் பஸ், எல்லாம் தயாராக நாக்கு நுனியில் நின்றது. ஒன்றும் வெளியே வரவில்லை. அவள் மாப்பிள்ளையின் போனை வாங்கி, கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய ராஜினாமாக் கடிதத்தை, அவர் சொல்லச் சொல்ல, அவளே அடித்தாள். இரண்டு இடத்தில் அவருடைய ஆங்கிலத்தைத் திருத்தினாள். அனுப்பிய பிறகுதான் மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவரை நின்றுகொண்டேதான் இருந்திருக்கிறார்.

திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து நின்று ஹாரன் அடித்தது. விடுப்பு முடிகிறவர்களின் பெயர் ஓட்டுநருக்கு முன்பே கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது. கடிதம் அனுப்பினார்களே ஒழிய, பஸ்காரரிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மாடியில் கதவு சாத்தியிருந்தது. ஷெட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது ஹாரனுக்கு நான்தான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.

"இனிமே வரமாட்டாருப்பா," என்றேன், மூச்சு வாங்கியபின்.

"வேற வேலை கெடச்சிடுச்சா சார்?"

"கெடச்சிருக்கு."

"இன்னா வேலை சார்?"

"ஓட்டையப் பெருசாக்கறது. ரொம்பப் பெருசாயிட்டா அடைக்கறது."

ஓட்டுநர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார்.

"பர்மனென்ட்டா சார்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினார்.